லைனரின் வெளிப்புறம்

அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றின் பணிமனையில் பிட்டராகச் சேர்ந்தபோது, என் பொறுப்பில் முதலில் விடப்பட்டது ஒரு பழைய பிடி 80 டோசர். கோலார் தங்கவயலில் உள்ள பெமல் ஆலையில் உருவான அந்த இயந்திரம், நான் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சுரங்கத்துக்கு வந்து, மேல்மண்ணைத் தள்ளியும் டிப்பர் லாரிகளுக்குப் பாதை போட்டும் தன் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்திருந்தது. அதில் இருந்தது கம்மின்ஸ் 855 எஞ்சின். ஆறு சிலிண்டர், 14 லிட்டர் கொள்ளளவு, இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று ஹெட். கோளாறு எதுவென்று எழுத்தில் காட்டும் திரை அதில் இல்லை. நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருநாள் காலை ஷிப்டில் ஆபரேட்டர் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, ஆயில் மட்டம் ஏறியிருப்பதாகச் சொல்லி அனுப்பினார். பழைய எஞ்சினில் ஆயில் குறைவது இயல்பு, ஏறினால்தான் அச்சம். இரவு முழுதும் நின்றிருந்த வண்டி என்பதால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினேன். அடியில் தங்கியிருந்த தண்ணீர் முதலில் ஒரு தம்ளர் அளவுக்கு வடிந்தது, அதன் பிறகு மோர் கலந்தது போல வெளுத்த ஆயில் வந்தது. தண்ணீரைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகியிருந்தால், எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருப்பதால், ரேடியேட்டரிலும் எண்ணெய் மிதந்திருக்க வேண்டும். ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் இல்லை. எனவே சம்ப்பைக் கழற்றி, ரேடியேட்டருக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்துவிட்டு, விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்து மூன்றாவது சிலிண்டரில், பிஸ்டன் உள்ளே ஓட, வெளியே தண்ணீர் சூழ நிற்கும் இரும்புக் குழாயான லைனரின் ஓரமாக ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.

லைனரை உருவியபோது தண்ணீர் கசியாமல் தடுக்கும் அடிப்பகுதி ரப்பர் வளையங்களான ஓரிங்குகள் ரப்பர்த்தன்மை போய் இறுகிக் கிடந்தன. காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் லைனரின் உள்விட்டத்தை அளந்தேன். தேய்மானம் வரம்புக்குள்தான் இருந்தது. புது ஓரிங் போட்டு, பிளாக்கின் மேல்தளத்துக்கு மேலே லைனர் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 3 முதல் 6 பங்குக்குள் நிற்கிறதா என்று டயல் கேஜில் சரிபார்த்து, எஞ்சினைப் பூட்டினேன். செய்த வேலையில் பிழை இல்லை என்று அன்று மனதார நம்பினேன். நான்கு மாதம் ஆவதற்குள் ஆயில் மறுபடியும் வெளுத்தது.

இரண்டாம் முறை பிரித்தபோது மூத்த ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நின்றார். "உள்ள அளந்தியே தம்பி, வெளிய தேய்ச்சுப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். லைனரின் வெளிப்புறம் முழுவதும் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புப் படிவு ஏறியிருந்தது. டீசலும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு அதைத் தேய்த்து எடுக்க எடுக்க, பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில் மட்டும், ஒரு கையகல இடத்தில், ஊசியால் குத்தியது போலக் குழிகள் நெருக்கமாக வெளிப்பட்டன. லைனரைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். ஒரு குழி வழியாக வெளிச்சம் ஊடுருவி வந்தது.

எரிப்பின் வேகத்தில் பிஸ்டன் லைனர் சுவரை அறையும்போது சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வில், சுவரை ஒட்டிய தண்ணீரில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் பிறந்து, பிறந்த கணமே உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் இரும்பில் ஒரு துகளைக் கொத்தி எடுக்கிறது. தண்ணீரில் உரிய வேதிச்சேர்க்கை இருந்தால் உலோகத்தின் மேல் காப்புப் படலம் உருவாகி அந்த அரிப்பைத் தடுக்கும். அந்தச் சேர்க்கையைத் தண்ணீரில் கலக்கவே அந்த எஞ்சினில் தனியாக ஒரு வாட்டர் ஃபில்டர் உண்டு. எங்கள் வண்டியில் அதன் இரண்டு வால்வுகளும் அடைக்கப்பட்டு, அவற்றின் மேல் பெயின்ட்டும் அடிக்கப்பட்டிருந்தது. ரேடியேட்டரில் நாங்கள் ஊற்றிவந்தது சுரங்கத்தின் ஆழ்குழாய்த் தண்ணீர். பழங்காலக் கடலின் கிளிஞ்சல்கள் இன்றும் பாறையில் அப்படியே பதிந்து கிடக்கும் பூமி அது, அங்கே ஊறும் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லாமல் எப்படி இருக்கும்? அந்தத் தண்ணீரால் குழிகளைத் தடுக்க முடியவில்லை. அதிலிருந்து படிந்த சுண்ணாம்பு, விழுந்த குழிகளை என் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தது.

ஆறு லைனர்களையும் உருவினோம். இரண்டை மாற்றினோம், குழி ஆழமாகாத மற்ற நான்கையும், அரிப்பில்லாத பக்கம் அடிவாங்கும்படி கால்வட்டம் திருப்பிப் போட்டோம். வால்வுகளைப் பிரித்துச் சுத்தம் செய்து புது ஃபில்டர் மாட்டினோம். கனிமம் நீக்கிய தண்ணீரும் கூலன்ட்டும் வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தபோது, தண்ணீருக்கா இவ்வளவு செலவு என்று அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். ஃபோர்மேன் வாதாடவில்லை. ஓட்டை விழுந்த லைனரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் மேலாளரின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். அந்த வாரமே நீல நிற டிரம் ஒன்று பணிமனைக்கு வந்து சேர்ந்தது.

அந்த லைனர் இப்போது என் வேலைமேசைக்கு அடியில் இருக்கிறது. புதிதாகச் சேரும் ஹெல்ப்பர் யாராக இருந்தாலும், ஸ்பானரைக் கையில் கொடுப்பதற்கு முன் அதைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடிக்கச் சொல்கிறேன்.