நோட்டில் வண்டி எண் இருந்த இடத்தில் ஓட்டுநர் பெயர்

மதுரையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வண்டிப் பதிவுகளைக் கவனிக்கும் வேலையில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். சொந்த வண்டிகள் 9, வெளி உரிமையாளர்கள் எங்களிடம் இணைத்து ஓட்டும் அட்டாச் வண்டிகள் 5. எல்லாவற்றுக்கும் சேர்த்து மேசையில் ஒரே ஒரு நீள நோட்டு இருக்கிறது. விசாரிப்பவர்களின் பெயரைப் பென்சிலால் எழுதுவோம். முன்பணம் வந்து சேர்ந்ததும் அதன் மேலேயே பேனாவால் எழுதுவோம். கணினியிலும் ஒரு படிவம் உண்டு என்றாலும், நான்கு பேர் ஒரே நேரத்தில் தொலைபேசியில் அழைக்கும் முகூர்த்த மாதங்களில் கை தானாகவே நோட்டைத்தான் தேடுகிறது.

அந்த நோட்டில் பல ஆண்டுகளாக இடப்பக்க ஓரத்தில் வண்டி எண்கள்தான் இருந்தன. யாராவது அழைத்துக் கேட்டால், அந்தத் தேதிக்கு எந்த வண்டிக்கு நேரே கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்து 'வண்டி இருக்கிறது' என்று சொல்லிவிடுவேன். அந்தக் கட்டம் வெறுமையாகும் நேரத்தில் அதை ஓட்டியவர் எங்கே, எந்த நிலையில் இருப்பார் என்று பார்க்க நோட்டில் இடமே இல்லை.

ஒரு தை மாதத்தில் அதன் விளைவைக் கண்டேன். தேக்கடிக்குப் போன இன்னோவா இரவு 11.45 மணிக்கு ஷெட்டுக்குத் திரும்பியது. மறுநாள் திருநெல்வேலியில் கல்யாணம். அதே வண்டிக்கு அதிகாலை 4 மணிக்குப் பிக்கப் போட்டிருந்தேன். கல்யாண வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அந்த ஓட்டுநர் நள்ளிரவில் நின்று வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார். கோவில்பட்டியை நெருங்கும்போது வண்டி நடுத் தடுப்பில் உரசியது. வலப்பக்க விளக்கும் பம்பரும் நொறுங்கின. உள்ளே ஒரு பாட்டியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. மாலையில் அலுவலகத்துக்கு வந்த அவர், "தம்பி, சாத்தூரைத் தாண்டுனதே எனக்கு ஞாபகத்துல இல்ல" என்றார். என்னைவிட இருபது வயது மூத்தவர். குற்றவாளியைப் போல என் முன்னால் நின்றார். ஆனால் அந்த 4 மணியைப் பேனாவால் எழுதியவன் நான்.

அதன் பிறகு பழைய டிரிப் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு வண்டியை விட்டார், மறுபடி எத்தனை மணிக்கு எடுத்தார் என்று எழுதிப் பார்த்தேன். கோளாறின் பாதி எங்கள் கட்டண முறையிலேயே இருந்தது. வெளியூர் வாடகைக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவு 12 முதல் மறு நள்ளிரவு 12 வரை. அந்த ஒரு நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்கான வாடகை, அதோடு ஓட்டுநர் பேட்டா. மாலை 6 மணிக்குக் கிளம்பினால் இரண்டு நாள் கணக்கு விழும் என்பதால், இராமேசுவரம் போகிறவர்கள் இரவு 1 மணிக்கு வண்டி கேட்பார்கள். விடியும்முன் போய்ச் சேர்ந்து, ஸ்படிகலிங்க தரிசனம், அக்னி தீர்த்தம், 22 தீர்த்தங்கள் எல்லாம் முடித்து, தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டு, இரவு 11 மணிக்குள் வீடு வந்துவிடுவார்கள். போக வர ஏறத்தாழ 380 கிலோமீட்டர்தான், தூரம் பெரிதல்ல. ஆனால் அந்த ஒரு நாள் வாடகைக்காக ஓட்டுநர் 22 மணி நேரம் விழித்திருக்கிறார், அதற்கு முந்தைய பகலில் அவர் வேறொரு லோக்கல் வண்டி ஓட்டியிருக்கவும் கூடும். பணத்தை மிச்சப்படுத்த நினைத்த குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்படி நினைக்க வைத்ததே எங்கள் விதிதான்.

முதலாளியிடம் பலமுறை பேசி இரண்டு மாற்றங்கள் செய்தோம். கிளம்பும் நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கணக்கிடத் தொடங்கினோம். நள்ளிரவுப் பிக்கப் கேட்பவர்கள் அதிலேயே பெரிதும் குறைந்தார்கள். நோட்டின் இடப்பக்க ஓரத்தில் வண்டி எண்களை எடுத்துவிட்டு ஓட்டுநர்களின் பெயர்களை எழுதினேன். ஒருவர் வண்டியை விட்ட நேரத்திலிருந்து 9 மணி நேரத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதக் கூடாது. இந்த 9 மணி நேரம் நானாக வைத்த கணக்கல்ல. ஒரு நாள் வேலை முடிவதற்கும் மறுநாள் வேலை தொடங்குவதற்கும் இடையே தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும் அதை நான் படித்ததில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வேறு சில சிக்கல்கள் சிறியவை. 'ஞாயிறு இரவு 2 மணி' என்று ஒருவர் சொன்னால் அது ஞாயிறு தேதியா, திங்கள் தேதியா என்று கேட்டு, 'ஞாயிறு தூங்கி எழுந்து திங்கள் அதிகாலை' என்று திருப்பிச் சொல்லி உறுதி செய்யாமல் பேனாவைத் தொடுவதில்லை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்துவிட்டதால், அங்கே போகும் வண்டியின் எண்ணை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கடைசி நேரத்தில் வேறு வண்டியை மாற்றி அனுப்பினால் பாஸும் புதிதாக எடுக்க வேண்டும்.

வெளியூரில் இரவு தங்கும்போது ஓட்டுநர் எங்கே படுப்பார் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. கொடைக்கானல் குளிரில் முன்சீட்டைச் சாய்த்துப் போட்டு, கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கிவிட்டு, பெட்ஷீட்டால் தலையைப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்கள் எங்களிடம் பலர். தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்கும் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தியது. ஆனாலும் எல்லா விடுதிகளிலும் அது கிடைப்பதில்லை. ஆகவே பதிவு செய்யும்போதே விடுதியின் பெயரைக் கேட்டு, நானே அங்கே அழைத்து, "டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா?" என்று விசாரிக்கிறேன். இல்லையென்றால் வெளியில் அறை போட ஆகும் தொகையைச் சேர்த்தே வாடகையைச் சொல்கிறேன். காரணத்தை விளக்கினால் மறுப்பவர்கள் மிகக் குறைவு.

வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மூன்று பெயர்களுக்கு நேரே காலை 9 மணி வரை சிவப்புக் கோடு ஓடுகிறது. இரண்டு வண்டிகள் ஷெட்டில் சும்மா நிற்க, 5 மணிக்குக் கேட்ட ஒரு கல்யாண வீட்டை இன்று காலை வேறொரு டிராவல்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.