பலாச்சுளையும் சொட்டு மருந்தும்

மே 14

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆனால் சுகர் 268. இடது கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

மே 15

பண்ருட்டியிலிருந்து சித்தப்பா முழுப் பலாப்பழத்தை இறக்கிவிட்டுப் போனார். சுகர் இருக்கிற வீட்டுக்கு!

நாலு சுளையை எவர்சில்வர் தட்டில் வைத்து ஜன்னலோரம் கலர் பென்சிலால் வரைய உட்கார்ந்தேன். நிழலுக்குக் கறுப்பு பென்சிலை எடுத்தேன், கெட்டது. மஞ்சள்மேல் கறுப்பு ஏறினால் பாசிப் பச்சை. அழுகின பழம் மாதிரி கிடக்கிறது. மஞ்சக்குப்பத்தில் பிறந்தவளுக்கு மஞ்சள் வரவில்லை.

மே 16

புதுத் தாள். இந்த முறை ஊதாவில் தொடங்கினேன். நிழல் விழும் பக்கம் மட்டும், பென்சிலைப் பின்னால் தள்ளிப் பிடித்து, தாளில் பட்டும் படாமலும். அதன்மேல் காவி, பிறகு மாம்பழ மஞ்சள், கடைசியில் எலுமிச்சை மஞ்சள். ஆறேழு பூச்சு. ஊதா இருப்பதே தெரியவில்லை, ஆனால் சுளை உருண்டுகொண்டது. உள்ளே கொட்டை இருப்பதுகூடத் தெரிகிறது. அவசரப்பட்டு அழுத்தினால் போச்சு. தாளின் சொரசொரப்பு நசுங்கிவிடும், அப்புறம் எந்த நிறமும் ஒட்டாது, வழுக்கும்.

தட்டுதான் பாடாய்ப் படுத்துகிறது. எவர்சில்வருக்கென்று சொந்த நிறமே கிடையாது. சுளைக்கு அடியில் மஞ்சள், விளிம்பில் ஜன்னல் வழி வந்த நீலம், நடுவில் என் சிவப்பு நைட்டி. வெறும் சாம்பல் பென்சிலைத் தேய்த்திருந்தால் ஈயத் தட்டாகியிருக்கும்.

பதினொரு மணி சொட்டு மருந்தைப் பதினொன்றே முக்காலுக்கு விட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மே 17

தட்டில் மூன்று சுளையைக் காணோம். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு தூங்குகிறாள். கேட்கவில்லை.

மே 19

காலையில் அம்மா ஒவ்வொரு கண்ணாக மூடி மூடி, கொடியில் காயும் அப்பா வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலதுல பாத்தா நீலம் போட்டுத் தொவச்ச மாதிரி இருக்கு, இடதுல பாத்தா செம்மண் தண்ணில அலசின மாதிரி இருக்குடி. எதுடி நெஜம்?”

புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி மாதிரி, நீலத்தைத் தடுத்துவிடும். படத்தைக் காட்டினேன். இடது கண்ணுக்குத் தட்டின் நீல விளிம்பே இல்லையாம். அரை மணி நேரம் வேலை செய்த விளிம்பு!

மோனே என்று ஒரு பிரெஞ்சு ஓவியர், 1923இல் வலது கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் செய்துகொண்டார், இடதைத் தொடவே விடவில்லை என்றேன். “அவருக்கும் சுகரா?” என்றாள்.

மே 20

பேச்சு சுவாரசியத்தில் சுளையின் மினுக்கத்தின் மேலேயே மஞ்சளை இழுத்துவிட்டேன். வெள்ளை பென்சில் அதை மூடாது, வெளிறலாகப் படிவதோடு சரி. தாளின் வெள்ளையைத்தான் முதலிலேயே சுற்றி வளைத்து விட்டுவைத்திருக்க வேண்டும். பிளேடு நுனியால் சுரண்டினேன். கொஞ்சம் வந்தது. கிழிந்த மாதிரியும் இருக்கிறது.

சுகர் 212. மீதிப் பழம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

மே 22

கத்திரி. கடற்காற்றும் இறங்கவில்லை. உள்ளங்கை வேர்வை பட்டுத் தாள் நெளிந்துவிட்டது. வரையவில்லை.

மே 25

ஊதா கனமாக விழுந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பென்சிலில் இருக்கும் மெழுகு இப்படி மேலே வந்து படியும். படத்துக்கும் புரை! கண் துடைக்க வாங்கிய பஞ்சில் கொஞ்சம் பிய்த்து மெதுவாக ஒற்றினேன். இருட்டு திரும்பி வந்தது.

“என்னோட பஞ்சா அது?” என்றாள் கட்டிலிலிருந்து. எந்தக் கண்ணால் பார்த்தாளோ.

மே 26

சுகர் 151. நாளைக்குக் காலை ஆறரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். தலைக்கு இன்றே குளிப்பாட்டிவிட வேண்டும், ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும். தட்டைக் கழுவிப் போட்டாயிற்று, ஆனால் அந்த நீல விளிம்பை...