பின் சில்லின் கறள் பிடித்த போல்ட்

போன ஏப்ரலில் குளிர்கால ரயர்களைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். பின் இடப்பக்க ரயரின் உள்விளிம்பு மொட்டையாகிக் கிடந்தது. வெளியில் நின்று பார்த்தால் நல்ல ரயர். உட்பக்கம் கையை விட்டுத் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் வாள்பல் மாதிரிக் கீறும். குளிர்காலம் முழுக்க இங்கே கனடாவின் ஒன்ராறியோவில், 401 நெடுஞ்சாலையில் கேட்ட இரைச்சல் இதிலிருந்துதான் வந்திருக்கிறது. நான் அதைச் சில்லு பெயரிங் என்று நம்பி, பெயரிங் மாற்றக் காசு ஒதுக்கிவிட்டிருந்தேன்.

என்னுடையது 2009 ஹொண்டா சிவிக். ஓடியது 2,60,000 கிலோமீற்றர். இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த கார், அதனால் விற்க மனமில்லை.

வீட்டுக்குள் போய்ப் பழைய அலைன்மென்ட் தாளை, அதாவது சில்லுகள் நிற்கும் கோணங்களை அளந்து தந்த தாளை, தேடி எடுத்தேன். அதற்கு முந்தின வருடம் ஒரு கராஜில் நான்கு சில்லுக்கும் என்று காசு வாங்கிக்கொண்டு செய்து தந்தது. முன் சில்லு எல்லாம் பச்சை, அதாவது சரி. பின் சில்லு வரி சிவப்பாகவே இருந்தது. "பின்னுக்கு இறுகிப் போச்சு, ஒண்டும் செய்ய ஏலாது" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே நின்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் ஒரு சோடி ரயர் மிஞ்சியிருக்கும்.

தாளில் இருந்தது இதுதான்: பின் இடது சில்லின் முன்விளிம்பு 0.45 பாகை உள்நோக்கித் திரும்பி, வலது 0.05. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 0.20 பாகை, பின் சில்லுகள் சேர்ந்து காரை வலப்பக்கமாகத் தள்ளும் கோணம். பின்பக்கம் வலப்புறம் போகப் பார்க்கும். அதை ஈடுகட்ட முன் சில்லையும் கொஞ்சம் வலப்புறம் பிடிக்க வேண்டும். நேரான தெருவில் என் ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்து நின்றதற்குக் காரணம் அதுவே. முன் சில்லை மட்டும் எத்தனை தரம் திருத்தினாலும் பின் ரயர் தேய்வது நிற்காது.

இந்தக் காரில் பின் சில்லின் திசையைத் திருத்துவது ஒரு போல்ட். கீழ்க் கையின், அதாவது சில்லைக் காரோடு இணைக்கிற இரும்புத் தண்டின், உள்முனையில் இருக்கிறது. அதன் தலையோடு நடு விலகிய ஒரு வட்டத் தகடு உண்டு. போல்ட்டைத் திருப்பினால் தகடு தன் இரு பக்கத்துத் தடுப்புகளில் முட்டிக்கொண்டு கையை உள்ளே இழுக்கும், அல்லது வெளியே தள்ளும். நல்ல எளிமையான அமைப்பு. ஆனால் அந்தப் போல்ட் ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கிற இரும்புக் குழாயின் ஊடாகப் போகிறது. இரண்டுக்கும் இடையில் மெல்லிய இடைவெளிதான். ஒன்ராறியோவில் நவம்பரிலிருந்து மார்ச் வரை தெருவில் கொட்டுகிற உப்பு கரைந்து அதற்குள் போய் நிற்கும். கறள் இரும்பை விடக் கூடுதல் இடம் பிடிக்கும். இடைவெளி அடைபட்டுப் போல்ட்டும் குழாயும் ஒரே துண்டாகிவிடும்.

மூன்று பின்னேரம் கறளை இளக்கும் எண்ணெய் அடித்தேன். நான்காம் நாள் நட்டு இலகுவாகக் கழன்றது. சரி, வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். போல்ட் தலையில் நீண்ட பிடியைப் போட்டு இழுத்தால் கொஞ்சம் திரும்பியது, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. இதைக் கண்டால் அதற்கு மேல் இழுக்க வேண்டாம். திரும்புவது போல்ட் அல்ல, ரப்பர் முறுகுகிறது. இன்னும் இழுத்தால் ரப்பர் கிழியும், இல்லாவிட்டால் தலை முறியும். காஸ் டோர்ச்சால் சூடாக்கியும் பார்த்தேன். ரப்பர் புகைந்ததும், அங்கிருந்து பெற்றோல் தாங்கி எவ்வளவு கிட்ட என்று பார்த்துவிட்டு நிறுத்தினேன்.

மார்க்கம் வீதிப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். "தம்பி, உதோடை மல்லுக்கட்டாதையும். வெட்டி எறிஞ்சுபோட்டுப் புதுக் கையைப் போடும்" என்றார். அந்த ஒரு சொல்தான் வேலையை முடித்தது.

கைக்கும் அதைத் தாங்குகிற பிடிக்கும் நடுவில் அலகு போக மட்டும் இடம் இருக்கும். மச்சான் வெளிச்சம் பிடிக்க, இரும்பு வெட்டும் மின்வாளால் இரு பக்கமும் வெட்டினேன். அலகு மூன்று போனது, நேரம் முக்கால் மணி.  அந்தப் பிடியில் அலகு படக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் போனோம். வேறு கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: பழைய மஸ்டா 3, ஃபோர்ட் ஃபோகஸ் போன்றவற்றில் கீழ்க் கையின் மேல்தான் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங்கை அடக்கி எடுக்காமல் அங்கே வெட்டினால் ஆளைக் கொல்லும்.

புதுக் கை, போல்ட், தகடு, நட்டு எல்லாம் சேர்த்து 150 டொலருக்குள் வந்தது. போல்ட்டின் வழுவழுப்பான நடுப்பகுதி முழுக்க இறுகாமல் காக்கும் பசையைத் தடவிப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் என் பெரியப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் கார் இருந்தது. போர் நாளில் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் ஒன்று. எந்த நட்டைத் திரும்பப் பூட்டினாலும் விரலில் கொஞ்சம் கிறீஸ் தொட்டுத் தடவாமல் பூட்டமாட்டார். பசை டப்பாவைத் திறந்தபோது அவருடைய விரல்தான் ஞாபகம் வந்தது.

வலப்பக்கப் போல்ட்டை வெட்ட வேண்டி வரவில்லை. முன்னும் பின்னும் மெல்ல மெல்ல ஆட்டியதில் கறள் பொடியாய்க் கொட்டித் திரும்பியது. கழற்றித் துடைத்து அதற்கும் பசை. கடைசி இறுக்கத்தை, காரை இறக்கி முழுப் பாரமும் சில்லில் நிற்கும்போதுதான் கொடுத்தோம். தூக்கி வைத்தபடி இறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே பூட்டப்பட்டு, ஓடும்போது சீக்கிரம் கிழியும்.

தகட்டை நடுவில் வைத்து, அடுத்த நாள் காலை உள் தெருக்களால் மெதுவாக ஓட்டிக்கொண்டு அண்ணையின் கராஜுக்குப் போனேன். பின் சில்லு இரண்டும் 0.10 பாகைக்கு வந்தன. தள்ளும் கோணம் பூச்சியம். முன் சில்லை அதற்குப் பிறகுதான் தொட்டார். திரும்பி வரும்போது 401இல் கையை இலேசாக வைத்திருந்தேன், ஸ்டியரிங் நேராக நின்றது. பின்னுக்கு இருந்த மகள் "அப்பா, ரேடியோவைக் குறையுங்கோ" என்றாள். இரைச்சலுக்கு மேலாகக் கேட்க வேண்டுமென்று போன மார்கழியில் கூட்டி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது.