நாரத்தை இலையும் வெட்டிவேரும்: நான் கொலோன் செய்த கதை

இத்தாலியில் பிறந்து ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய யோகான் மரியா ஃபரீனா, மழை ஓய்ந்த இத்தாலிய வசந்தக் காலையை நினைவூட்டும் மணம் ஒன்றைக் கண்டுவிட்டதாக 1708-இல் தம் சகோதரருக்கு எழுதினார் என்று படித்த நாளில்தான், புதுச்சேரியில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே அப்படியொரு வாசனைநீரை, அதாவது கொலோனை, செய்து பார்க்கும் ஆசை எனக்கு வந்தது.

முதல் தவறு கடையிலேயே நேர்ந்தது. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய எலுமிச்சை எண்ணெய், மூடியைத் திறந்ததும் டர்பன்டைன் போல நெடியடித்தது. இவ்வகை எண்ணெய்களில் மிகுந்திருக்கும் லிமோனீன் காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதையும், அவற்றைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதையும் பிறகே அறிந்தேன். அடுத்து, எத்தனாலில் எண்ணெய்களைக் கலந்துவிட்டு, காரம் குறையட்டும் என்று காய்ச்சி வடித்த நீரைச் சற்றுத் தாராளமாகவே ஊற்றினேன். கண்ணெதிரே கலவை நீர்மோராக வெளுத்தது.

மூன்றாவது தவறு கழுத்தில் தெரிந்தது. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட் என்ற எலுமிச்சை இனக் கனியின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயை 30 கிராம் கலவையில் 1.8 கிராம், அதாவது 6 சதவீதம் சேர்த்து, பூசிக்கொண்டு கடற்கரைச் சாலையில் காலை வெயிலில் நடந்தேன். இரண்டு நாளில் பூசிய இடம் சிவந்து, பின்னர் பழுப்புத் திட்டாகி, மறைய மாதக்கணக்காயிற்று. அந்த எண்ணெயிலுள்ள பெர்காப்டன் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும். வெயில் படும் தோலில் பூசுபவற்றுக்குச் சர்வதேச நறுமணக் கூட்டமைப்பு விதித்திருக்கும் வரம்பு 0.4 சதவீதம்தான். நான் சேர்த்தது அதைப்போல் பதினைந்து மடங்கு. அன்றிலிருந்து பெர்காப்டன் நீக்கிய பெர்கமோட்டையே வாங்குகிறேன். மணத்தில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

நாரத்தைக்கு நெருங்கிய உறவான கசப்பு ஆரஞ்சின் இலையையும் இளங்கிளையையும் நீராவியில் வடித்தெடுப்பது பெட்டிகிரேன் எண்ணெய். அதில் தோய்த்த காகிதத்தை அம்மாவிடம் நீட்டியபோது, "என்னடி இது, வேப்பிலைக்கட்டி இடிக்கிற வாசனை வருது?" என்றார். நாரத்தை இலையின் நரம்பைக் கிள்ளியெறிந்துவிட்டு உரலில் இடிக்கும்போது எழும் அந்தப் பச்சைக் கசப்பு அப்படியே அதில் இருந்தது. அதற்குப் பிறகு 0.3 கிராமாக இருந்ததை 0.6 ஆக்கினேன். (அதே மரத்தின் பூவிலிருந்து வரும் நெரோலியின் விலையைக் கேட்டபின், அதை 0.15 கிராமோடு நிறுத்திக்கொண்டேன்.)

மீதமிருந்த குறை, மணம் நிற்காததுதான். எலுமிச்சை வகை எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடுபவை; நம் ஊர் வெக்கையில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கடலூர்க் கடலோர மணற்பாங்கான நிலங்களில் வெட்டிவேர் பயிராவதைப் பார்த்திருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை. சந்தனம், தேவதாரு என்று சுற்றிவிட்டே அதனிடம் வந்தேன். 0.3 கிராம் சேர்த்தால் கோடையின் பானைத்தண்ணீர் மணம் எழுந்து ஆரஞ்சை மூடிவிட்டது. 0.15 கிராமில் அது அடியில் அடங்கி நின்றது.

மூன்று வாரம் குளிர்பெட்டியில் வைத்து, அடியில் படிந்த மெழுகை வடிதாளில் வடிகட்டினேன். ஐந்தாம் கலவை இப்போது கைக்குட்டையில் மதியம் வரை நிற்கிறது. தோலில் இரண்டு மணி நேரம். அம்மா கைக்குட்டையோடு சரி, கழுத்துப் பக்கம் கொண்டுபோவதில்லை.