மகளின் ஆடிஷனுக்குப் பாட்டும் வசனமும் தேடிய கதை

என் மகள் கல்லூரியில் மியூசிக்கல் தியேட்டர் (பாட்டும் நடிப்பும் நடனமும் கலந்த மேடை நாடகம்) படிக்க விண்ணப்பித்த வருஷம், நியூ ஜெர்சியில் எங்கள் வீடு முழுக்கப் பாட்டுத் தாள்தான். மிஷிகன், கார்னகி மெல்லன், சின்சினாட்டி என்று இந்தப் படிப்புக்குப் பேர்போன பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் முதலில் வீடியோ கேட்கின்றன. அதில் தேறினால்தான் நேரில் ஆடிஷன்.

அவளிடம் கேட்டது இரண்டு பாட்டு: 1970-க்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷத்துக்குள். முழுப் பாட்டு யாருக்கும் வேண்டாம், எந்தத் துண்டை எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம். பயிற்சி கொடுத்த ஆசிரியை ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாட்டில் வரும் இவள் யாரிடம் பாடுகிறாள், அந்த ஆளிடமிருந்து இவளுக்கு என்ன வேண்டும்?" பதில் இல்லாத பாட்டு, எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வெளியே. பாதிப் பட்டியல் அப்படியே காலி. 'விக்கட்' என்ற பிரபலமான பிராட்வே நாடகத்தின் பாட்டுகளும் போயின. அவற்றைத்தான் எல்லாரும் பாடுகிறார்களாம்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம். சுருதி பிசகாது, ஆனால் ஒரு ஸ்வரத்தில் அசையாமல் நிற்கச் சொன்னால் தொண்டை தானாகவே கமகம் போடும். அதனால் பழைய பாட்டாக, வார்த்தைகள் படபடவென்று ஓடும் நகைச்சுவைப் பாட்டை எடுத்தோம். கமகத்துக்கு நேரமே இல்லை!

மோனோலாக்தான், அதாவது ஒருவரே பேசும் நாடக வசனம்தான், பாடாய்ப் படுத்தியது. அச்சான நாடகத்திலிருந்து வர வேண்டும், பதினேழு வயதுப் பெண் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய சோகத்தை உட்கார்ந்து கதையாகச் சொல்லும் வசனங்கள்தான் நிறையக் கிடைக்கின்றன. எதிரில் இருப்பவரிடம் இப்போதே எதையாவது கேட்டு மல்லுக்கட்டும் வசனம் அபூர்வம். நூலகத்தில் நாடகம் நாடகமாகப் படித்து, கடைசியில் அக்காவிடம் கடன் கேட்கும் தங்கை ஒருத்தியைப் பிடித்தாள்.

அப்புறம், நேரில் ஆடிஷனுக்குக் கொண்டுபோகும் பாட்டுத் தாள் ஃபைல். பியானோ வாசிப்பவர் நம் தாளை அங்கேதான் முதல்முறை பார்ப்பார். அதனால் இரண்டு பக்கமும் நகலெடுத்து, துளையிட்டுக் கோத்து, எங்கே தொடங்கி எங்கே தாவ வேண்டும் என்று கலர் பென்சிலால் கோடு போட்டோம். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்கக் கூடாது, பியானோ வாசிப்பவர்களுக்கு அது பிடிக்காது. இரண்டு வரியை நமக்கு வேண்டிய வேகத்தில் சன்னமான குரலில் பாடிக் காட்டினால் போதும்.

ஃபைலில் கூடுதலாக நான்கைந்து பாட்டு வைப்பது நல்லது. நியூயார்க்கில் ஆடிஷன் நடத்திய ஒரு குழு, "வேறென்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுத் தாளைத் தாங்களே புரட்டியது.