ஏடா கம்பைலரோட விடைத்தாள திருத்த ஒரு ஸ்கிரிப்ட் – இதுவரைக்கும் செஞ்சது

மூணு மாசமா லீவு நாள்ல எல்லாம் இதான் வேலை. ஏடாங்கிறது ஒரு நிரல் மொழி, அதுல எழுதின நிரல மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துறது கம்பைலர். அந்த கம்பைலர், மொழியோட அதிகாரப்பூர்வ விதியான ஸ்டாண்டர்டுல சொன்னபடி நடந்துக்குதான்னு பாக்க அகாட்ஸ்னு ஒரு டெஸ்ட் தொகுப்பு இருக்கு, யார் வேணா டவுன்லோட் பண்ணிக்கலாம். அத ஜிசிசிங்கிற இலவச கம்பைலர் தொகுப்புகூட வர்ற க்னாட் கம்பைலர்ல ஓட்டி, ரிசல்ட்ட தானா திருத்துற மாதிரி பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாம்னு ஆரம்பிச்சேன். ஓட்டுறதுல பெருசா ஒண்ணும் இல்ல, திருத்துறதுலதான் எல்லா விஷயமும் இருக்கு.

கொஞ்சம் பழைய கதை சொல்லிடுறேன், எனக்கு இது ரொம்ப பிடிச்ச கதை. ஏடா அமெரிக்க பாதுகாப்புத் துறைக்காக உருவான மொழி, 1983ல ஸ்டாண்டர்டு ஆச்சு, அந்த ஸ்டாண்டர்டோட நம்பர் 1815, அது மொழிக்கு யாரோட பேர வச்சாங்களோ அந்த ஏடா லவ்லேஸ் பிறந்த வருஷம். கம்பைலர் எழுதினா மட்டும் போதாது, டெஸ்ட் பாஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கணும்னு அப்பவே வச்சிருந்தாங்க. அப்ப இந்த தொகுப்புக்கு பேரு ஏசிவிசி. முதல்ல பாஸ் பண்ணது நியூயார்க் பல்கலைக்கழகத்துல எழுதின ஏடா-எட்ங்கிற கம்பைலர், அதே 1983ல. ஒரு மொழி பிறக்கும்போதே அதுக்கு பரீட்சையும் கூடவே பிறந்ததுன்னா அது ஏடாதான், அதான் இதுமேல எனக்கு இவ்ளோ மரியாதை.

டெஸ்ட் பேரோட முதல் எழுத்தப் பாத்தாலே அது என்ன வகைன்னு தெரிஞ்சுடும். சி-ல ஆரம்பிச்சா கம்பைல் ஆகி ஓடணும், பி-ல ஆரம்பிச்சா உள்ள வேணும்னே தப்பு வச்சிருப்பாங்க, கம்பைலர் அத கண்டுபிடிக்கணும், எல்-னா துண்டுகள ஒரே புரோகிராமா சேக்குற, அதாவது லிங்க் பண்றப்ப மாட்டணும், இன்னும் ஏ, டி, இ எல்லாம் உண்டு.

சி வகை ஒரே சனிக்கிழமைல முடிஞ்சுது. அந்த டெஸ்ட் எல்லாம் ரிப்போர்ட்னு ஒரு பேக்கேஜ, அதாவது எல்லா டெஸ்டுக்கும் பொதுவான நிரல் தொகுப்ப, கூப்பிடும், கடைசியா அதுவே பாஸ்டு, ஃபெயில்டு, நாட் அப்ளிக்கபிள்னு ஒரு வரி பிரிண்ட் பண்ணிடும், நாம அந்த வரிய தேடி எடுத்தா போதும். ரெண்டு இடத்துல மட்டும் கவனம் வேணும். பாதியில செத்துப்போன புரோகிராம்ல கடைசி வரியே இருக்காது, அது ஃபெயில்தான். அப்புறம் டென்டேட்டிவ்லி பாஸ்டுன்னு ஒண்ணு வரும், அதுக்கு ஆச்சரியக்குறி போட்ட குறிப்ப எல்லாம் ஆள் உக்காந்து படிச்சுத்தான் முடிவு பண்ணணும். அந்த ரிப்போர்ட் பேக்கேஜ்ல ஐடென்ட்-இன்ட்னு ஒரு ஃபங்ஷன், 5 குடுத்தா 5-ஐயே திருப்பிக் குடுக்கும், எதுக்குடா இதுன்னு பாத்தா, நிரல வேகமாக்குற ஆப்டிமைசர் முன்னாடியே கணக்கு போட்டு வச்சுட்டா ரன் டைம்ல டெஸ்ட் பண்ண ஒண்ணுமே மிஞ்சாது, அத தடுக்கத்தான் அப்படி எழுதியிருக்காங்க. எவ்ளோ யோசிச்சிருக்காங்க பாருங்க.

பி வகையிலதான் மாட்டுனேன். முதல் ஸ்கிரிப்ட்ல, கம்பைலர் எரர் கோடோட வெளிய வந்தா பாஸ்னு எழுதினேன். ஓட்டுனா கிட்டத்தட்ட எல்லாமே பாஸ். அன்னிக்கு ராத்திரி சந்தோஷமா படுத்தேன். மறுநாள் சும்மா ஒரு அவுட்புட்ட திறந்து பாத்தா, டெஸ்ட்ல வச்சிருந்த தப்பு எதையுமே கம்பைலர் பாக்கல, எஃப்-ல ஆரம்பிக்கிற, பல டெஸ்டுக்கும் பொதுவான பவுண்டேஷன் ஃபைல நான் முன்னாடியே கம்பைல் பண்ணி வைக்காததால ஃபைல் கிடைக்கலன்னு சொல்லிட்டு நின்னுருக்கு, என் ஸ்கிரிப்ட் அதுக்கும் பாஸ் போட்டிருக்கு. கம்பைலரே உள்ளுக்குள்ள கிராஷ் ஆகி பக் டிடெக்டட்னு பெட்டி கட்டி பிரிண்ட் பண்ணா கூட இந்த ஸ்கிரிப்ட் பாஸ்தான் போட்டிருக்கும். நல்ல கம்பைலருக்கு தப்பா ஃபெயில் போட்டா நான் போய் பாத்து சரி பண்ணிடுவேன், தப்பா பாஸ் போட்டா யாரும் திரும்பி பாக்கவே மாட்டோம். அன்னிக்கே முடிவு பண்ணேன், ஸ்கிரிப்டுக்கு எங்க சந்தேகம் வந்தாலும் பாஸ் போடக்கூடாது, கையில பாக்க வேண்டிய லிஸ்ட்ல தள்ளிடணும்.

பி டெஸ்ட் ஃபைல திறந்தா, தப்பு இருக்குற வரியோட ஓரத்துல கமென்ட்டா எரர்னு எழுதியிருப்பாங்க, சரியா இருக்குற வரில ஓகேன்னு இருக்கும். எரர் போட்ட ஒவ்வொரு வரியையும் கம்பைலர் சொல்லணும், ஓகே வரியில வாயத் திறக்கக்கூடாது. மெசேஜோட வார்த்தை எப்படி இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அப்ப வரி நம்பர ஒப்பிட்டா போதுமேன்னு செஞ்சேன், ஒண்ணுமே பொருந்தல.

காரணம் க்னாட்சாப்னு க்னாட்கூட வர்ற வெட்டுற டூல். ஒரே டெஸ்ட் ஃபைல்ல பல யூனிட், அதாவது தனித்தனியா கம்பைல் ஆகுற பகுதி, இருக்கும், க்னாட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு ஒரு ஃபைல் வேணும், அதனால க்னாட்சாப்ப வச்சு முதல்ல வெட்டணும். வெட்டினதும் மூல ஃபைல்ல 87வது வரியில இருந்தது துண்டு ஃபைல்ல 12வது வரி ஆயிடுது. நானே ஒரு ஆஃப்செட் டேபிள் எழுத உக்காந்து பாதி எழுதியும் முடிச்சேன், அப்புறம்தான் மேனுவல்ல கமாண்ட்கூட குடுக்குற மைனஸ் ஆர்ங்கிற சுவிட்ச் கண்ணுல பட்டுச்சு, அத குடுத்தா ஒவ்வொரு துண்டு மேலயும் சோர்ஸ் ரெஃபரன்ஸ்னு ஒரு பிராக்மா, அதாவது கம்பைலருக்கான குறிப்பு, போட்டுடும், அதுக்கப்புறம் மெசேஜ் எல்லாம் மூல ஃபைலோட பேரு, மூல வரி நம்பரோடயே வருது. டேபிள அழிச்சுட்டேன்.

அடுத்தது, க்னாட் சாதாரணமா ஒரு வரிக்கு ஒரு எரர்தான் சொல்லும், டிக்ளேர் பண்ணாத பேரு ஒண்ணு நாலு இடத்துல வந்தா முதல் இடத்துல மட்டும் சொல்லிட்டு விட்டுடும். நிரல் எழுதுறவங்களுக்கு அது வசதி, நமக்கு மீதி மூணு வரியும் ஃபெயில். மைனஸ் க்னாட்-எஃப் போட்டா முழுசா சொல்லும். ஆனா அதே சுவிட்ச், ஒரு தப்பால தொடர்ந்து வர்ற துணை எரர்களையும் அடக்காம விட்டுடும், அது சில சமயம் ஓகே வரியில போய் உக்காந்துக்குது. சுவிட்ச் போட்டு ஒரு தடவ, போடாம ஒரு தடவ ஓட்டி ரெண்டுலயும் நல்லத எடுத்துக்கலாம்னு ஒரு வாரம் வச்சிருந்தேன், அப்புறம் மனசு ஒப்பல, ஒரே பையனுக்கு ரெண்டு விடைத்தாள் குடுத்து எதுல மார்க் அதிகமோ அத எடுக்குற மாதிரி இருந்துச்சு. இப்ப எஃப் சுவிட்சோட ஒரே ஓட்டம், ஓகே வரில ஏதாவது வந்தா கை லிஸ்ட்.

இன்னொண்ணு, மூணு வரிக்கு நீளுற டிக்ளரேஷன்ல எரர் கமென்ட் செமிகோலன் இருக்குற கடைசி வரியில இருக்கும், கம்பைலர் முதல் வரியில இருக்குற பேர காட்டும், ரெண்டும் சரிதான். இதுக்கு என்ன பண்றதுன்னு தேடும்போதுதான் தெரிஞ்சுது, அகாட்ஸ் 4.1லயே கிரேட்னு ஒரு திருத்துற டூல் குடுத்திருக்காங்க, அதுவும் ஏடாவுலதான் எழுதினது. முன்னாடியே பாத்திருக்கலாம், இருந்தாலும் கையால செஞ்சு பாத்ததாலதான் அதுல ஒவ்வொண்ணும் எதுக்கு இருக்குன்னு உடனே புரிஞ்சுது. கமென்ட்லயே தப்பு எந்த வரில, எந்த எழுத்துல இருந்து எதுவரைக்கும்னு சின்னக் குறியா எழுதி வச்சிருக்காங்க. பாசிபிள் எரர்னு இன்னொரு வகை உண்டு, நாலஞ்சு இடத்த ஒரு செட்டா குறிச்சிருப்பாங்க, அதுல ஏதாவது ஒரு இடத்துல சொன்னாலே போதும்.

அந்த டூலுக்கு கம்பைலரோட மெசேஜ் நேரடியா போகாது, ஈவென்ட் டிரேஸ்னு ஒரு சிஎஸ்வி ஃபைல், அதாவது கமா போட்டு பிரிச்ச வரிகள் இருக்குற ஃபைல், குடுக்கணும், கம்பைல் ஆரம்பிச்சது, எரர் வந்தது, முடிஞ்சதுன்னு ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி, கூடவே ஃபைல் பேரு, வரி, எழுத்து நம்பர். அதனால என் ஸ்கிரிப்ட பிரிச்சுட்டேன், முதல் பாதி க்னாட் மெசேஜ படிச்சு டிரேஸ் எழுதும், வார்னிங்க எரரா எண்ணாம தனியா எழுதும். ரெண்டாவது பாதி திருத்துற வேலை, அத தூக்கிப் போடாம கிரேட் டூலுக்கு பக்கத்துல வச்சு ஓட்டுறேன், ரெண்டும் வேற வேற மார்க் போட்டா அந்த டெஸ்ட நானே படிக்கிறேன். இதுவரைக்கும் அப்படி வந்ததுல பெரும்பாலும் என் ஸ்கிரிப்ட் பக்கம்தான் தப்பு, குறிப்பா பாசிபிள் எரர் செட்ல.

ஸ்கிரிப்ட நம்பலாமான்னு பாக்க ரெண்டு காரியம் செஞ்சேன். 40 பி டெஸ்ட பிரிண்ட் எடுத்து சிவப்பு பேனாவால நானே திருத்தி வச்சேன், ஸ்கிரிப்ட் அதோட ஒத்துப்போகுதான்னு ஒவ்வொரு மாத்தத்துக்கும் பாக்குறேன். அப்புறம் பாஸ் ஆன டிரேஸ்ல வேணும்னே ஒரு எரர் வரிய அழிச்சுட்டு திரும்ப ஓட்டுறேன், மார்க் ஃபெயிலா மாறணும். ஒரு டெஸ்ட்ல மாறவே இல்ல, ரெண்டு எரர் அடுத்தடுத்த வரில இருந்துச்சு, பக்கத்து வரிய ஒத்துக்கலாம்னு நான் குடுத்திருந்த சலுகையால ஒரே மெசேஜ் ரெண்டுக்கும் கணக்காகியிருக்கு. இப்ப ஒரு மெசேஜ் ஒரு எரருக்குத்தான்னு மாத்தியாச்சு.

சின்டாக்ஸ் தப்பு, அதாவது மொழியோட இலக்கணத் தப்பு, இருந்தா கம்பைலர் அதோட நின்னுடுது, கீழ இருக்குற மத்த தப்ப பாக்கிறதில்ல. அந்த மாதிரி டெஸ்ட துண்டு துண்டா பிரிச்சு ஓட்ட அகாட்ஸ் விதியிலயே ஒரு வழி இருக்கு, ஆனா எங்க பிரிக்கலாம்னு ஸ்கிரிப்ட முடிவு பண்ண விடுறதா இல்ல, கையாலதான் பிரிக்கிறேன். எல் வகை இன்னும் தொடல, அடுத்த வாரம் லிங்க் பண்றதுக்கு முன்னாடி ஓடுற க்னாட்பைண்டோட மெசேஜ டிரேஸ்ல சேக்குறதுல இருந்து ஆரம்பிக்கணும்.