ஊட்டிக்குப் போய் என் மாடி சோலாரின் பாட்டரியைப் பார்த்துவந்த கதை

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். மசினகுடியில் ஒரு ஜீப்காரர், மாயார் ரோட்டில் ஒரு மணி நேரம் சுற்றிவர 2,500 ரூபாய் கேட்டார். "யானை கேரண்டி சார்" என்று வேறு சொன்னார். கேரண்டி கொடுக்க யானை என்ன அவர் வீட்டுத் தொழுவத்திலா நிற்கிறது? அதே ரோட்டில் பஸ் போகிறது. சில்லறைக் காசில் டிக்கெட். அதில்தான் ஏறினேன். யானை, பைசா செலவில்லாமல் கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பயணத்துக்கு முன்னால் நான் கொஞ்சம் கர்வத்தில் இருந்தேன். போன வருஷம் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வந்தது. அன்றிலிருந்து தினமும் மதியம் ஆப்பைத் திறந்து எத்தனை யூனிட் என்று பார்ப்பதும், வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவதும்தான் என் வேலை. நிலக்கரி இல்லை, புகை இல்லை, பூமித்தாய்க்கு நான் செய்யும் சேவை என்ற நினைப்பு. "ராத்திரி ஃபேன் எதில் ஓடுது?" என்று என் மனைவி கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன்.

கோவையிலிருந்து ஊட்டி வரை எழுத ஒன்றுமில்லை. சொந்தக் காருக்கு இ-பாஸ் வேண்டும், பஸ்ஸுக்கு வேண்டாம். செலவும் குறைவு.

ஊட்டியிலிருந்து எமரால்டு போன பஸ்தான் பஸ். எனக்குக் கிடைத்த ஜன்னலின் கண்ணாடி பாதியில் சிக்கி நின்றது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மார்ச் மாதம்தான், இருந்தாலும் காதுக்குள் ஐஸ் ஊசி குத்தியது. காலடியில் யாரோ வைத்த கேரட் மூட்டை. பக்கத்தில் குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கோயம்புத்தூருங்க."

"அப்ப நாங்க விட்ட தண்ணியத்தான் குடிக்கிறீங்க."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இந்த மலையில் தேக்கும் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி என்று ஒவ்வொரு பவர் ஹவுஸிலும் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் பில்லூருக்கு இறங்குகிறது. பில்லூரிலிருந்து எங்கள் குழாய்க்கு. ஒரே தண்ணீரில் நாலைந்து முறை மின்சாரம். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஆக, சோலார் போடுவதற்கு முன்பே நான் பசுமை மின்சாரக்காரன்தான்.

எமரால்டில் இறங்கியதும் அவரே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கடையில் கரண்ட் இல்லை! சுற்றிலும் பவர் ஹவுஸ்கள், நடுவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் டீ ஆற்றுகிறார் கடைக்காரர். ஏதோ மரம் கம்பிமேல் சாய்ந்துவிட்டதாம், யாருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே சாப்பிட்ட ராகிக் களிக்கும் அவரைக்கொட்டைக் குழம்புக்கும் தனிப் பதிவே எழுதலாம். குழம்பு கெட்டியாக இல்லை, தண்ணீராகவும் இல்லை. அவரைக்கொட்டை வெண்ணெய் மாதிரி நசுங்கியது. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்றார்கள். நான் மென்றேன், சிரித்தார்கள். இரண்டாவது உருண்டைக்குக் காசு வாங்கவில்லை. ஊட்டி டவுனில் முந்நூறு ரூபாய் கொடுத்தாலும் இப்படிச் சோறு கிடைக்காது.

சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் இரண்டு டீ கிளாஸை எடுத்தார். ஒன்றைக் கவிழ்த்த டப்பாமேல் வைத்தார், மற்றதைக் கீழே. "இது மேலே இருக்கிற போர்த்திமந்து அணை, இது எமரால்டு அணை." கீழ் கிளாஸில் மிச்சமிருந்த டீயை மேல் கிளாஸில் ஊற்றினார். "பகல்ல வெயில் கரண்ட் வேண்டிய மட்டும் இருக்கும்ல, அப்ப அதை வெச்சுத் தண்ணிய மேலே ஏத்தணும்." மறுபடி மேலிருந்து கீழே ஊற்றினார். "சாயங்காலம் ஊரெல்லாம் லைட் போடும்போது கீழே விடணும், கரண்ட் எடுக்கணும்." ஊற்றும்போது மேஜையில் கொஞ்சம் சிந்தியது. அதை விரலால் தொட்டுக் காட்டி, "இது நஷ்டம்" என்றார். நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் எழுபத்தைந்து, எண்பதுதான் திரும்பி வரும்.

குந்தா நீரேற்று மின் திட்டம் என்பது இதுதான். 125 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 500 மெகாவாட். காட்டுக்குப்பை என்ற ஊர்ப் பக்கம் மலையைக் குடைந்து வேலை நடக்கிறது. என் மனைவியின் கேள்விக்குப் பதில் அந்த டீ மேஜையில் கிடந்தது. வெயில் என் மாடியில், ராமநாதபுரம் கமுதியின் சோலார் பண்ணையில். பாட்டரி நீலகிரியில்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஏரிக்கரைக்கு நடந்தேன். தண்ணீர் இறங்கியிருந்தது. கரையில் செம்மண் படிப்படியாகத் தெரிந்தது, நடுவே கறுத்துப்போன அடிமரங்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஸ்விட்சர்லாந்து மாதிரி" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இயற்கை ஏரி என்றே பலர் நினைக்கிறார்கள். பழைய குந்தா நீர்மின் திட்டம் 1950களில் கனடா நாட்டு உதவியோடு தொடங்கியது. அதில் எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி என்று வரிசையாக அணைகள் வந்தன. அதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்குகளில் இருந்தது புல்வெளியும் சோலையும். புல்வெளி பஞ்சு மாதிரி மழையைக் குடித்து, மழை ஓய்ந்த பிறகும் ஓடையில் கசியவிடும். அந்தப் பஞ்சை மூழ்கடித்துத்தான் தண்ணீர் தேக்கினோம். மிஞ்சிய புல்வெளியிலும் சீகை (வாட்டில்) என்ற வெளிநாட்டு மரத்தை நட்டுவைத்தார்கள். அது இன்று தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. வரையாட்டுக்கு ஒதுங்க இந்தப் பக்கம் மிஞ்சியது முக்கூர்த்தி தேசியப் பூங்கா, சுமார் 78 சதுர கிலோமீட்டர்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இருக்கும் இரண்டு அணைகளுக்கு நடுவே தண்ணீரை ஏற்றி இறக்குவதை நான் எதிர்க்கவில்லை. பாறை வெடிப்பு, மண் கொட்டுவது, ராத்திரி லாரி, விளக்கு எல்லாம் தொல்லைதான். ஆனால் புதிதாகப் பள்ளத்தாக்கு எதுவும் மூழ்காது. இதே நீலகிரியில் போட நினைக்கும் சில்லஹல்லா நீரேற்றுத் திட்டம் அப்படியில்லை. 1,000 மெகாவாட்டுக்கு அங்கே புது அணை கட்ட வேண்டும் என்கிறார்கள், ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள். நான் ஊர்க்காரர்கள் பக்கம். ஒரே மலையை இரண்டு தடவை பாட்டரி ஆக்கக் கூடாது. சமவெளியில் கைவிட்ட குவாரிக் குழிகள் எத்தனை கிடக்கின்றன, நகரத்து மாடிகள் எத்தனை காலியாக வெயிலில் காய்கின்றன, முதலில் அதைப் பார்க்கட்டும்.

ராத்திரி ஊட்டியில் லாட்ஜ். ரூம் 1,300, ஹீட்டருக்குத் தனியாக 150. ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடியும் ரூம் சூடாகவில்லை, மீட்டர்தான் சூடாகியிருக்கும்.

மறுநாள் கல்லட்டி வழியாக மசினகுடி. 36 கொண்டை ஊசி வளைவுகள், பிரேக் தீய்ந்த வாடை, பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி. அவ்வளவு போதும். ஜீப்காரர் கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

மாயார் பஸ்ஸில் இடதுபக்கம் உட்காருவதா வலதுபக்கமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். "ரெண்டு பக்கமும் காடுதான்" என்றார். பைக்காரா ஆற்றுத் தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாக மசினகுடி பக்கத்துச் சிங்காராவில் இறங்குகிறது. 150 மெகாவாட் நிலத்தடி மின்நிலையம், 2005இல் ஓடத் தொடங்கியது. 1932லேயே வந்த பழைய பைக்காரா நிலையமும் பக்கத்தில்தான். அங்கிருந்து தண்ணீர் மரவகண்டி அணைக்கு, பிறகு திறந்த கால்வாயில் மாயார் பவர் ஹவுஸுக்கு. இது அத்தனையும் யானை வழித்தடத்துக்குள்ளே. இதே சிங்காராவில் நியூட்ரினோ ஆய்வகம் கேட்டபோது 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முடியாது என்றது, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறது என்பதால். அப்போதாவது யாருக்கோ யானை ஞாபகம் வந்தது.

அந்தக் கால்வாயருகே டிரைவர் பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஒரு பெண் யானை, பின்னால் குட்டி, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. கால்வாயின் கரைகள் செங்குத்து, பாசி பிடித்து வழவழவென்று. உள்ளே தண்ணீர் வேகமாகப் போகிறது, சத்தம் பஸ் வரை கேட்டது. பெரிய யானை தும்பிக்கையை நீட்டி விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. இறங்கவில்லை. குட்டி முன்னால் வந்தபோது முன்காலைக் குறுக்கே வைத்துத் தள்ளிவிட்டது. அப்படியே கரையோடு நடந்து, குறுக்கே இருந்த சின்னப் பாலத்துக்குப் போயின. பாலம் ஒரு யானை அகலம்தான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கடந்தன. குட்டி மட்டும் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்தது. "விழுந்தா ஏற முடியாதுங்க" என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமல். பஸ்ஸில் ஒரு செல்போன்கூட அடிக்கவில்லை.

காங்கிரீட் பாலம் இன்னும் பத்து கட்ட எவ்வளவு ஆகும்? 150 மெகாவாட் விற்கிற காசில் ஒரு மாத வரவு போதாதா? ஏறிவரச் சாய்தளம் வைக்கக் கூடாதா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாயாரில் இறங்கியபோது பள்ளத்தாக்குக்கு மேலே பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) வட்டமிட்டுக்கொண்டிருந்தன, ஆறு எண்ணினேன். தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் அதிகம் மிஞ்சியிருப்பது இங்கேதான். இறக்கையை அசைக்காமல் வெப்பக் காற்றில் மிதக்கும் பறவைக்குக் காற்றாலை இறக்கையும் உயரழுத்தக் கம்பியும் எமன். மகாராஷ்டிரத்துச் சால்கேவாடியில் காற்றாலைகள் இருக்கும் இடத்தில் பருந்து மாதிரி வேட்டையாடும் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதை 2018இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ராஜஸ்தானில் கானமயில் என்ற அரிய பறவைக்காக மின்கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. உடுமலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றாலையைப் பார்த்துக் கைதட்டுகிறவன் நான். அங்கேயே சுற்றட்டும், மாயார் பக்கம் ஒன்றுகூட வேண்டாம்.

செலவுக் கணக்கு: பஸ் 430, ரூமும் ஹீட்டரும் 1,450, சாப்பாடு 520, வர்க்கி 120. மொத்தம் 2,520. ஜீப்காரர் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டதும் எனக்கு இரண்டு நாளுக்கு ஆனதும் கிட்டத்தட்ட ஒன்றே. வர்க்கி வீட்டுக்கு வருவதற்குள் தூளாகிவிட்டது, ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டோம்.

பஸ் நேரமெல்லாம் எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். குறித்துவைத்த துண்டுச் சீட்டை எமரால்டு டீக்கடையில் அந்தச் சிந்தின டீயைத் துடைக்கப் பயன்படுத்திவிட்டேன். கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.